குறுக்கே நிற்கும் நிலையம்

முதலில் ஃபிரிட்ஜ். பிறகு கூடத்து எல்.இ.டி. பல்புகள். அதற்கப்புறம் செல்போன் சார்ஜர், இன்டர்நெட் பெட்டி, குளியலறை விளக்கு. பொழுது சாய்கிற நேரத்தில் டவரம்மா வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தால் சுவரில் ஒரு சுவிட்சும் உயிரோடு இருக்காது. "அம்மா, லேப்டாப்புல சார்ஜே இல்ல" என்று அறைக்குள்ளிருந்து மகள் குரல் கொடுப்பாள். "இருக்கிறதை வச்சு சிக்கனமா படி" என்று சொல்லிக்கொண்டே அந்த சார்ஜரையும் பிடுங்கி வைத்துவிட்டு மொட்டைமாடிப் படி ஏறிவிடுவார். இதெல்லாம் ஓடினால் ரேடியோவில் இரைச்சல் வருமாம். கீழ்வீட்டு டியூஷன் டீச்சரிடமும் ஒருநாள் போய், "உங்க டியூப்லைட் ரொம்பப் பேசுது, கொஞ்ச நேரம் அடக்கி வைங்களேன்" என்று கேட்டிருக்கிறார். டீச்சர் அன்றிலிருந்து இவரைப் பார்த்தால் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

கையில் இருப்பது பிஸ்கட் பொட்டலம் அளவுக்கு ஒரு ரேடியோ. பேட்டரி மூடியின் கொக்கி எப்போதோ உடைந்துபோய், ரப்பர் பேண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைவிட விலை கூடியவை அலமாரியில் தூங்குகின்றன. காது கூர்மையானது இதுதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ரேடியோவை வைத்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வார். பகலில் பக்கத்து ஊரைத் தாண்டாத மீடியம் வேவ் அலை, இருட்ட ஆரம்பித்ததும் கடல் தாண்டி வரும். வருவது நல்லதுதான். ஆனால் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்றாக விழும். டவரம்மா ரேடியோவை வாளியின் மேலேயே மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். ஒரு கட்டத்தில், அதுவரை தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த ஆண்குரல் அடங்கும். அதன் பின்னாலிருந்து வேறு பாஷையில் வேறொரு பெண் மெல்லப் பேசுவாள். "பெரிய வாய்க்காரனைக் கொஞ்சம் ஓரமா நிக்க வச்சாப் போதும், பின்னாடி நிக்கிறவ பேசுவா" என்பார், ஏதோ ரேஷன் வரிசையைச் சரிசெய்கிற மாதிரி.

இவருடைய அண்ணன் வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "இந்த ஸ்டேஷன் எல்லாம் போன்லயே வருதே, எதுக்கு இருட்டுல உக்காந்து கொசுவுக்கு ரத்தம் குடுக்கிற?" என்பார். "அது கூப்பிட்டா வருதுண்ணா. இது அதுவா வருது" என்பார் தங்கை. அண்ணனுக்கு வித்தியாசம் புரிந்ததில்லை. புரியவைக்க வேண்டும் என்ற கவலை தங்கைக்கும் இருந்ததில்லை.

கவலையெல்லாம் கணவருக்குத்தான். அவர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். ஆள் படியேறும்போதே கால் என்ன அளவு என்று சொல்லிவிடுகிற மனிதர். பீற்றிக்கொள்ளச் சொந்தச் சரக்கே வேண்டிய அளவு உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் காலடியில் குந்தி பக்கிள் மாட்டும்போது அவர் பேசுவது மனைவியைப் பற்றித்தான். "நேத்து எங்க வீட்டம்மா எங்கேருந்து புடிச்சாங்க தெரியுமா சார்?" என்று ஆரம்பிப்பார். கால் அவர் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் எங்கே போவார். கடையில் மிஞ்சுகிற அளவு ஸ்டிக்கர்களை வீட்டுக்கு எடுத்துப்போய், பீரோ கதவில் ஒட்டியிருக்கிற உலகப் படத்தில், மனைவி பிடித்த ஊர் ஒவ்வொன்றின் மேலும் ஒன்று ஒட்டுவதும் அவர்தான். அதனால் அந்த வீட்டு உலகத்தில் பாலைவனங்கள் எல்லாம் ஏழாம் நம்பர், பனிப் பிரதேசங்கள் எட்டாம் நம்பர்.

ஒருமுறை அவசரப்பட்டுவிட்டார். அன்று பாட்டு தெளிவாக வந்தது, இன்ன ஊர்தான் என்று அம்மாவுக்கே முக்கால்வாசி நிச்சயம். ஆனால் நிலையத்தின் பெயரைச் சொல்கிற நேரத்தில் குரல் மங்கிவிட்டது. கணவர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார், கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் தம்பட்டமும் அடித்துவிட்டார். அம்மா வந்து பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டி எடுத்தார். "பேரு காதுல விழல. விழாததை விழுந்ததுன்னு சொன்னா, நெஜமா விழுந்ததுக்கும் மதிப்பு போயிடும்" என்றார். மறுநாள் கடைக்காரர் அந்த வாடிக்கையாளரைத் தேடிப் போய், "சார், அந்த ஊர் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு வந்தார். செருப்பைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாரோ என்று அந்த மனிதர் பயந்துபோனாராம்.

இப்படிக் காதைத் தீட்டி வைத்திருக்கிற டவரம்மாவுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. ஊர்க்கோடியில் சிவப்பு விளக்கோடு நிற்கிறதே வானொலி நிலையத்தின் கோபுரம், அதன் அடியில் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அவர். பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். அந்த நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து எப்போதாவது கடிதம் வரும்: இன்ன நாள் உங்கள் நிகழ்ச்சி எங்கள் ஊரில் கேட்டது, நீங்கள்தானா என்று. மற்றவர்களுக்கு அது ஒரு தமாஷ். டவரம்மா உட்கார்ந்து பதில் எழுதுவார்.

உலகத்தில் எதை எதையோ பிடித்தவருக்கு ஒரே ஒரு தீவு மட்டும் கைக்கு எட்டவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற சின்ன நிலையம் அது. ஒலிபரப்புவது இவர்கள் நிலையம் இருக்கிற அதே அலைவரிசை எண்ணில். ரேடியோவை எந்தப் பக்கம் திருப்பினாலும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற சொந்த நிலையம் ஓரமாக நிற்க மறுக்கிறது. அது வாயை மூடினால்தான் தீவு பேசும். அது வாயை மூடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இவருக்குச் சம்பளம். "என் பொழப்பே எனக்குக் குறுக்க நிக்குது" என்று சிரிப்பார். கணவருக்குச் சிரிப்பு வராது. உலகப் படத்தில் அந்த இடத்தை மட்டும் பார்க்காமல்தான் அவர் பீரோவைத் திறப்பார்.

போன மாதம், கடைக்கு விடுமுறையான ஒரு நாள், அது வாயை மூடியது. டவரம்மாவுக்கு அன்று மாலை டியூட்டி. டிரான்ஸ்மிட்டருக்குக் காற்று அடிக்கிற ஃபேனில் பேரிங் இறுகி, சூடேறி, எல்லாம் தானாக நின்றுவிட்டது. கணவருக்குப் போன் வந்தது.

"என்னங்க, நம்ம ஸ்டேஷன் படுத்திடுச்சு. ஃபேனைக் கழட்டிக்கிட்டிருக்கேன், ஏழு மணி கிட்ட ஆயிடும். நீங்க சின்ன ரேடியோவை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. நம்ம ஸ்டேஷன் எடத்துல முள்ளை வைங்க. போனைப் பக்கத்துல கொண்டுபோகாதீங்க, இரையும்."

"நான் கேட்டா அது கணக்குல வருமா?"

"உங்க காதும் நம்ம வீட்டுக் காதுதானே. ஏழு மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பேரு சொல்வாங்க. காதுல விழுந்தபடி அப்படியே வந்து சொல்லுங்க, போதும்."

யாரும் சொல்லாமலே கணவர் ஃபிரிட்ஜை அணைத்தார், விளக்குகளை அணைத்தார், மகள் வாயைத் திறப்பதற்குள் சார்ஜரைப் பிடுங்கினார். பேசிக்கொண்டிருந்த போனை ஸ்பீக்கரில் போட்டு மாடிக்கதவுக்கு உள்ளே மேல்படியில் வைத்துவிட்டு வாளிக்கு எதிரே உட்கார்ந்தார். முதலில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல், அவ்வளவுதான். மனைவி செய்வதைப் பார்த்திருந்த தைரியத்தில் கொஞ்சம் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். அடியிலிருந்து ஒரு பாட்டு எழுந்து வந்தது. ஆண்கள் கூட்டமாகப் பாடினார்கள், நடுவில் மேளம் மாதிரி ஏதோ. கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுந்து கதவுக்கு ஓடினார்.

"ஏம்மா, பாட்டு வருது. ஆம்பளைங்க சேர்ந்து பாடுறாங்க. என்ன பாஷைன்னே தெரியல."

போனில் ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "அவங்கதான்னு நினைக்கிறேன்" என்றார் டவரம்மா. "போங்க, போய் உக்காருங்க."

அப்புறம் அவருக்கு மாடிக்கும் படிக்கும் நடையாய் நடப்பதே வேலையாகிவிட்டது. பாட்டு முடிந்தது, ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். ஏழு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அதைச் சொல்ல அவர் படிக்கு வந்தபோது போனில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் ஃபேன் ஓடுகிற சத்தமும் கேட்டது. நிலையப் பொறுப்பாளரின் குரல்.

"ரெடியாமா?"

"ரெடி சார்."

"அப்ப ஒண்ணு செய்யலாம். மணி அடிச்சு, நேரா ஏழு மணிச் செய்தியோட ஆரம்பிச்சிடுவோம். பாக்கவும் லட்சணமா இருக்கும். உங்க தீவுக்காரங்களும் அதுக்குள்ள பேரைச் சொல்லிட்டுப் போகட்டும். எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கீங்க."

இருட்டில் படியில் நின்றுகொண்டு கடைக்காரர், சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினார். தப்பில்லை. மேலதிகாரியே சொல்கிறார். சில நிமிஷம்தான்.

"இல்லீங்க சார்" என்றார் டவரம்மா. "செய்தி கேக்கிறவங்க இப்பவே திருப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வெறும் இரைச்சல் வந்தா, இன்னைக்கு இல்லபோலன்னு மூடி வச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. இரைச்சலைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும் சார். எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தர் நம்ம பேருக்காகக்கூடக் காத்துக்கிட்டிருக்கலாம்." பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, "என்னங்க, இருக்கீங்களா? என்ன வருது?" என்றார்.

"ஒரு பொண்ணு பேசுறா."

"எப்படிப் பேசுறா?"

"தெளிவா. நிதானமா. அவசரமே படல." குனிந்து போனுக்கு இன்னும் கிட்டப் போனார். "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா. பேரைச் சொல்லிடுவா."

"நிதானமாப் பேசுறாளா" என்று டவரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரிங்க. நான் போடறேன்."

கடைக்காரர் மாடிக்கு ஓடி வாளிக்கு முன்னால் மண்டியிட்டார். அந்தப் பெண் இன்னும் ஒரு வாக்கியம் பேசினாள். அடுத்ததை ஆரம்பித்தாள். சட்டென்று அவள் இருந்த இடம் சுவர் வைத்த மாதிரி அடைபட்டுப்போய், நம்முடைய நிலையத்துப் பாட்டு ஒன்று பாதியிலிருந்து தெருவெல்லாம் கேட்கிற தெம்போடு வந்து நின்றது. அவருக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். நாளைக்குக் கடையில் சொல்ல என்ன இருக்கிறது என்றுகூட நினைத்தார்.

பாட்டு முடிந்தது. மணி அடித்தது. அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொன்னார். தினமும் காதில் விழுகிற பெயர்தான். அது காதில் விழுவதற்கு யார் காரணம் என்று கடைக்காரருக்குத் தெரியும், அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமை அவருக்குத் தாங்க முடியவில்லை. வால்யூமை அது போகிற கடைசி வரைக்கும் திருகி, எழுந்து மாடியோரத்துக்குப் போய், ரேடியோவை இரண்டு கைகளாலும் தெருவைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.