பாண்டிலட்சுமியின் மருந்து வேலை

ஏழாயிரம்பண்ணையில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பதெல்லாம் மாத்திரை, ஊசி, டானிக். பாண்டிலட்சுமி இருபது வருடமாகப் பார்ப்பது 'மருந்து வேலை'. காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் போய், உரசிப் பொறி கிளம்பிவிடக் கூடாதென்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாள் முழுக்கக் காகிதக் குழாய்களுக்குள் மருந்து செலுத்துவாள்.

அந்த வேலைதான் அவள் கணவன் வேலுச்சாமியைக் கொண்டுபோனது. மகள் பிரீத்திகாவுக்கு அப்போது ஐந்து வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே பாண்டிலட்சுமி மீண்டும் அதே வேனில் ஏறினாள். ஏறும்போதே மனதுக்குள் ஒன்றை முடிந்துகொண்டாள்: மகள் கை மருந்தில் படக்கூடாது. அப்படி ஒரு வைராக்கியம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

அதனால்தான், பிளஸ் டூ முடித்த பிரீத்திகா, "எம்மா, நா மருந்து படிக்கப் போறேன்" என்று சொன்ன அன்று வீடு ரெண்டுபட்டது.

"ஏட்டி, அதுக்கா ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன்? கால ஒடிச்சுப்புடுவேன்!"

அது நோய்க்குக் கொடுக்கிற மருந்து, மாத்திரைப் படிப்பு என்று புரியவைப்பதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் சொல் அதோடு விட்டதா என்றால் இல்லை. கல்லூரியில் சேர்க்கப் போன அன்று, பிரீத்திகா சான்றிதழுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த நேரத்தில், "என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?" என்று குமாஸ்தா கேட்டார். "மருந்து வேலைதான்யா" என்றாள் இவள். அவர் 'மருந்தாளுநர்' என்று அழகாக எழுதிக்கொண்டார். நான்கு வருடம் சத்தமில்லாமல் கிடந்த அது, விழா மேடையில்தான் வெடித்தது.

தங்கப் பதக்கம் வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகம் எடுத்த பாராட்டு விழா. பெற்றவர்களையும் மேடைக்கு அழைத்தார்கள். பழக்கதோஷத்தில் பாண்டிலட்சுமி செருப்பை அரங்கத்து வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மேடையேறினாள்.

"மருந்தியலில் முதலிடம், செல்வி பிரீத்திகா! இவருடைய தாயாரும் ஒரு மருந்தாளுநர். தாயின் வழியில் மகள்!" என்று அறிவித்தார்கள்.

ஒரே கைதட்டல். பிரீத்திகாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளோடு படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். பாண்டிலட்சுமி அதைக் கவனித்துவிட்டாள். மகள் பொய் சொல்லியிருக்கிறாள் என்றல்லவா நினைப்பார்கள்? பாடுபட்டுப் படித்த பிள்ளையின் நல்ல பேர் தன் ஒரு வார்த்தையால் கெடுவதா?

நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாதவள் விறுவிறுவென்று மைக்குக்குப் போனாள்.

"ஐயா, தப்பு எம்மேல, புள்ள மேல இல்ல. எங்க ஊருல மருந்துன்னா வெடிமருந்து. நா பட்டாசுக் கம்பெனில மருந்து செலுத்துறவ. நா சொன்னது அத. அவுக வேற மாதிரி எளுதிட்டாக." கைகளை விரித்துக் காட்டினாள். நகக்கண்களில் அலுமினியப் பொடி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத சாம்பல் மினுக்கம். "இவ அப்பாவும் அதுலதான் போனாரு. இவ கை அதுல படக்கூடாதுன்னுதான் அம்புட்டுப் பாடும் பட்டேன்."

 அரங்கத்தில் எழுந்த கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. துணைவேந்தர் பதக்கத்தைப் பாண்டிலட்சுமியிடமே நீட்டி, "நீங்களே போட்டுவிடுங்கம்மா" என்றார்.

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பதக்கத்தை வாங்கவே தயங்கினாள்.

"மருந்து ஒட்டிரும்ட்டி" என்றாள் மெதுவாக.

பிரீத்திகா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பதக்கத்துக்காகத் தலையைக் குனிந்தாள்.

"ஒட்டட்டும்மா. நானும் மருந்து வேலைக்காரிதான."