சைட்டுக்குப் போகாத இன்ஜினியர்

ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினான்கு வருஷமாகக் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற இன்ஜினியர். ஒரு கம்பி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் கையெழுத்து விழுந்த வரைபடத்தை அதற்குப் பிறகு ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை; அப்படியே கட்டிவிடுவார்கள். இவ்வளவு நம்பியவர்கள் பதவி உயர்வு மட்டும் தரவில்லை. அதற்கு இரண்டு வருஷம் சைட்டில் நின்று வேலை பார்த்திருக்க வேண்டுமாம்.

அனுப்பச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் பழைய பாட்டையே பாடுவார். "அங்க லேடீஸ் டாய்லெட் கூட இல்லம்மா. நீங்க எப்படி?" அவளிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்று பேர் சைட்டுக்குப் போய் மளமளவென்று மேலே ஏறிவிட்டார்கள். இப்போது லீவு வேண்டுமென்றால் அவர்களிடம்தான் போய் நிற்கிறாள். வீட்டிலோ கணவர், "ஏசி ரூம்ல உக்காந்த வேலை. உனக்கு என்ன குறைச்சல்?" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் துணிந்து ஒரு காரியம் செய்தாள். புது ஆஸ்பத்திரி சைட்டில் போடப்போகும் தற்காலிக ஆபீஸின் வரைபடம் அவள் மேஜைக்கு வந்தது. மூலையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறையை வரைந்து சேர்த்து, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். யார் பார்க்கப்போகிறார்கள்? குழாய், தாழ்ப்பாள் எல்லாம் வைத்துக் கட்டியே விட்டார்கள். போட்டோ வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் போட்டோவோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், டாய்லெட் இருக்கு. இப்ப போகலாமா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார். "கெட்டிக்காரிம்மா நீங்க. நீங்க போயிட்டா இங்க யாரு செக் பண்றது? உங்களை விட்டா ஆள் இல்லையே."

ஒழுங்காக வேலை பார்த்ததற்கு இதுதான் கூலி. அரைகுறையாகப் பார்த்திருந்தால் எப்போதோ சைட்டுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். பக்கத்து மேஜைக்காரனை அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆபீஸிலேயே அதிகம் தப்புப் பண்ணுகிறவன் அவன்தான். அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது வாரம் அவனே போன் செய்தான். பணிவுக்கு மட்டும் பஞ்சமில்லை.

"அக்கா, ஒரு சின்ன உதவி. இங்க அந்த லேடீஸ் டாய்லெட் பூட்டியே கெடக்கு. ஆபீஸ்ல லேடீஸ் யாரும் இல்லையே. அதை எனக்கு ரூமா மாத்தி டிராயிங் அனுப்பியிருக்கேன். பார்த்துக் குடுத்துடுங்கக்கா."

வரைபடத்தைத் திறந்தாள். கழிப்பறை இருந்த இடத்தில் 'சைட் இன்ஜினியர்' என்று எழுதியிருந்தது. கதவை உட்பக்கம் திறக்கும்படி போட்டிருந்தான். திறந்தால் மேஜையில் இடிக்கும். விட்டுவிடலாம், இடிபட்டுக் கிடக்கட்டும் என்று தோன்றியது.

பிறகு கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருத்தி, கையெழுத்துப் போட்டாள்.