கீழே தறி, மேலே குரோச்செட்

மின்விசிறி சுற்றுவதை நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கால்நடைக் கணக்கெடுப்பில் பாதி உத்தியோகத்தைக் கழித்தவன் ஓய்வுபெற்ற பிறகு வேறு என்ன செய்வான்? நாமக்கல் பக்கத்துக் கோழிகளையே எண்ணி முடித்த கண் இது.

"ஏனுங்க, எண்ணறதையே பாடமா நடத்தற எடம் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இருக்குதாமா. அங்க போயி எண்ணுங்க. ஊடு கொஞ்ச நேரம் அமைதியா இருக்கட்டும்" என்றாள்.

அப்படித்தான் எடப்பாடியில், ஒரு விசைத்தறிக் கூடத்து மாடியில் நடந்த கீபோர்டு வகுப்பில் பதினோரு குழந்தைகளுக்குப் பிறகு பன்னிரண்டாவது மாணவனாகச் சேர்ந்தேன். ஓமலூரிலிருந்து வந்துபோகும் ஆசிரியைக்கு என் மகளைவிட வயது குறைவு. என்னைக் கண்டதும், பேரப்பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

மேற்கத்திய இசைக் குறியீட்டில் ஐந்து கோடுகள், நான்கு சந்துகள். அதற்கும் மேலே ஒரு சுரம் போக வேண்டுமென்றால் அந்தச் சுரத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் கோடு போட்டுக்கொள்வார்களாம். முதலிலேயே ஆறாவது கோட்டைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. நான்கு எண்ணிக்கை நீளும் சுரத்தின் பெயர் செமிபிரீவ். செமி என்றால் பாதி. எதில் பாதி என்று கேட்டேன். இப்போது வழக்கில் இல்லாத ஒன்றில் பாதி என்றார்கள். அதில் பாதி மினிம், இரண்டு எண்ணிக்கை. அதிலும் பாதி குரோச்செட், ஒரு எண்ணிக்கை. சுரத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் நீளம் ஒன்றரை மடங்காகிவிடும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு செல்வாக்கை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ரெஸ்ட். சும்மா இருப்பதற்கும் குறி வைத்திருக்கிறார்கள். ஒரு எண்ணிக்கை சும்மா இருக்க ஒரு குறி, இரண்டு எண்ணிக்கை சும்மா இருக்க இன்னொரு குறி. எங்கள் அலுவலகத்தில் பலர் இதைக் குறியில்லாமலேயே திறம்படச் செய்துவந்தார்கள்.

கீழே தறிகள் ஓயாமல் அடித்தன. மாடியின் தரை அதிர்ந்தது. ஆசிரியை எண்ணிக்கைக்காகத் தன் கைப்பேசியில் ஓடவிட்ட 'டிக் டிக்' அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. வகுப்பு நேரத்தில் தறியை நிறுத்தச் சொல்லி அவரும் நானும் கூடத்து உரிமையாளரிடம் எத்தனை முறை போயிருப்போம்! எழுத்திலும் நான் மூன்று மனு கொடுத்தேன். மூன்றையும் மடித்து, நூல்கண்டுப் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்.

சேலத்தில் நடக்கும் முதல் கிரேடு இசைத் தேர்வு நெருங்கியபோதுதான் ஆசிரியை விஷயத்தைச் சொன்னார். இது அவருடைய முதல் வகுப்பு. பிள்ளைகள் தேறினால்தான் அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள் வருவார்கள். இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டு ஊரோடு இருக்க வேண்டியதுதான். உரிமையாளரும் மாடியை நூல் மூட்டை அடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நூல் விலை ஏறியது. ஊரிலுள்ள தறிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து உற்பத்தியை நிறுத்தினார்கள். எங்கள் மனுக்களுக்குக் கிடைக்காத அமைதியை நூல் விலை கொடுத்தது. ஆசிரியை மகிழ்ச்சியோடு பாடத்தைத் தொடங்கினார். நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். நான்காவது பாருக்குள் பதினோரு குழந்தைகளும் பதினோரு திசையில் போனார்கள். நான் தனியாகப் பன்னிரண்டாவது திசையில் போனேன்.

பிறகுதான் புரிந்தது. இத்தனை மாதமும் எங்களுக்குத் தாளம் போட்டது நேர் கீழே இருந்த பழைய தறி. அது இரண்டு முறை அடித்தால் ஒரு குரோச்செட். மின்சாரம் போகும் நாட்களில் கீபோர்டும் அணைந்துவிடும், வகுப்பும் இருக்காது. அதனால் தறி இல்லாமல் நாங்கள் எப்படி வாசிப்போம் என்று யாரும் கேட்டதேயில்லை. கைப்பேசியின் டிக் டிக் இப்போது தெளிவாகக் கேட்டது. ஆனால் குழந்தைகள் தரை அதிரட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டச் சொல்லி நான் உரிமையாளரிடம் போனேன்.

"ஏனுங்க, நிறுத்துங்கன்னு மூணு மனு குடுத்தது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன்.

"இப்ப நான் ஒரு தறி ஓட்டுனா ஊரே வந்து வாசல்ல நிக்கும். சத்தந்தான வேணும்? நீங்களே போடுங்க. எண்ணறதுக்குத்தான உங்கள ஊட்ட உட்டுத் தொரத்துனாங்க?"

என் மனைவியின் பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருந்தது எனக்குத் தெரியாது.

ஆக நானே தறியானேன். கைத்தடியால் தரையில் அடித்து "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றேன். ஆசிரியை அதில் ஒரு நிபந்தனை வைத்தார்.

"அய்யா, ரெண்டு பாருக்கு எண்ணுங்க. அடுத்த ரெண்டு பாருக்கு வாயத் தொறக்கக்கூடாதுங்க. புள்ளைங்க மனசுக்குள்ள எண்ணட்டும்."

முதல் பாதி எனக்குச் சுலபம். இரண்டாம் பாதியில் என் உதடு தானாக அசைந்தது. ஒரு பெண் குழந்தை தன் வாயில் விரல் வைத்து எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு வகுப்பிலும் என் மௌனத்தில் ஒரு பார் கூடிக்கொண்டே போனது. கடைசியில் நான் தொடக்கத்தில் மட்டும் அடித்துவிட்டு முழுதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேரும் ஒரே இடத்தில் வந்து முடித்தார்கள். ஆசிரியை இன்னொரு முறை என்று சைகை காட்டினார்.

சேலத்தில் தேர்வு அறை குளிரூட்டப்பட்டது. வெளிச் சத்தம் ஒரு பொட்டும் நுழையவில்லை. குழந்தைகள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். நடைபாதை பெஞ்சில் ஆசிரியை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக நான் போனேன். இரண்டு எண்ணிக்கை ரெஸ்ட் வந்தது. கையை எடுத்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் "மூணு, நாலு" என்று நான் சொன்னது நன்றாகவே கேட்டது. தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

பதினோரு குழந்தைகளும் தேறினார்கள். எனக்குத் தேற நான்கு மதிப்பெண் குறைவு. மதிப்பெண் தாளில், ஓய்வுக் குறிகளில் தேர்வர் பேசுகிறார் என்று எழுதியிருந்தது. கோழி எண்ணிய காலத்திலும் நான் பேசிக்கொண்டுதான் எண்ணினேன். எந்தக் கோழியும் புகார் எழுதவில்லை.

அறை ஆசிரியையிடமே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. நூல் மூட்டைகள் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கின்றன. தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் வகுப்பில், எனக்கு வாயில் விரல் வைத்துக் காட்டிய அதே குழந்தை வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"தாத்தா, கீழ தறி லேட்டா அடிக்குது."

உரிமையாளரிடம் இதைச் சொன்னது நான்தான். நான்காவது மனுவாக எழுதியே கொடுத்தேன். முறைத்தார். மாடிக்கு வந்து, குழந்தைகள் வாசிப்பதைச் சுவரில் சாய்ந்து கேட்டார். கீழே போய்ப் பழைய தறியின் தொய்ந்துபோன பெல்ட்டை மாற்றினார்.

நான் அதே நாற்காலியில் முதல் கிரேடை இரண்டாம் முறை படிக்கிறேன். தறியைத் திருத்தியாகிவிட்டது. என் வாயைத் திருத்த இன்னும் நாளாகும் என்கிறார் ஆசிரியை.