நாக்குக் கட்டிய மணி

நித்தியானந்தன் லூர்தம்மாவுக்கு ஐயாயிரம் பவுண் கடன்பட்டிருந்தான். சீட்டுக் காசு. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுடைய மிச்சக் கதையெல்லாம் இந்தக் கடனுக்குப் பயந்து பயந்து நடந்த கதை.

எழுதுகிறவன் யார் என்பதையும் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லண்டனில் வந்து இறங்கியபோது குளிருக்குப் போட ஒரு கோட்டுக்கூட இல்லை. இன்று செவன் கிங்ஸில் அம்பலவாணன் என்று கேட்டால் பஸ் ஓட்டுகிறவன்கூட என் ஸ்ரோரைக் கைகாட்டுவான். மொத்த வியாபாரம். அரிசி, மா, தூள், கருவாடு எல்லாம் என் லொறியில்தான் போகிறது. பட்டம் படித்தவர்கள் என்னிடம் வந்து வியாபாரத்துக்கு யோசனை கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

என் சாமான் போகிற கடைகளில் ஒன்று மிச்சம் என்கிற ஊரில், ட்ராம் நிற்கும் இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. பெயர் எல்லாளன் ஸ்ரோர்ஸ். அதன் முதலாளிதான் நித்தி. பிரான்சில் கோப்பை கழுவிக் கொஞ்சக் காசோடு இங்கே வந்தவன். மனைவி கலாவதி, ஒரே மகள் தாரகா. நல்ல உழைப்பாளி. மூட்டை எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டான். பழைய யாவாரிகளைப் போல, "லாபம், ரெண்டு, மூண்டு" என்றுதான் எண்ணுவான். அந்த ஒரு பழக்கத்துக்காகவே எனக்கு அவனைப் பிடித்தது.

அவனுக்கு எல்லாளன் என்றால் உயிர். அநுராதபுரத்தில் இருந்து ஆண்ட தமிழ் ராசா அவர். குறை உள்ள எவரும் வந்து இழுக்கலாம் என்று அரண்மனையில் ஒரு மணி கட்டி வைத்திருந்தாராம். ராசாவின் மகன் ஓட்டிய தேரில் ஒரு கன்று அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு போய் மணியை இழுத்தது. ராசா அதே தேர்ச் சக்கரத்தில் தன் மகனைப் போட்டு நீதி சொன்னார். கடைசியில் போரில் அவரைக் கொன்ற எதிரியே அவருக்குச் சமாதி கட்டி, அந்த வழியால் போகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்று கட்டளை போட்டானாம். எதிரியே மதித்த மனிதன் என்பதால்தான் எங்கள் சனம் இன்றைக்கும் எல்லாளனைத் தூக்கி வைத்திருக்கிறது.

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவில் நித்தி வருசா வருசம் இதைப் பேசுவான். பசு மணியை இழுக்கும் இடத்தில் குரலை இறக்குவான், மண்டபத்தில் ஒரு சத்தம் இருக்காது. ஒருமுறை கைதட்டல் வாங்கிய சூட்டோடு, பூசைச் சாமான் விற்கிற கடையில் ஒரு வெண்கல மணி வாங்கிவந்து தன் கடை வாசலில் தொங்கவிட்டான். பக்கத்தில் ஒரு அட்டை: "குறை கண்டவர் இழுக்கலாம்." சனத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. வெண்டிக்காய் முற்றல் என்று இழுத்தார்கள், முட்டை உடைந்திருக்கிறது என்று இழுத்தார்கள். நித்தி சிரித்துக்கொண்டு ஓடிவந்து மாற்றிக் கொடுப்பான். சிரிப்பு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

கடன் வந்த விதம் இப்படி. கடை தொடங்குவதற்கு முன் நித்தி சீட்டுப் பிடித்தான். இருபது பேர், மாதம் ஆளுக்கு இருநூற்றைம்பது. அவசரக்காரர் கழிவு விட்டு முதலில் எடுப்பார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு ஐயாயிரமும் முழுசாய் வரும். அந்த இருபது பேரில் ஒருவரான லூர்தம்மா மகளின் கலியாணத்துக்கென்று கடைசிவரை பொறுத்திருந்தார். முதலில் எடுத்த இரண்டு பேர் கனடாவுக்கு மாறிவிட்டார்கள். சீட்டில் எவன் ஓடினாலும் பிடித்தவன்தான் பொறுப்பு. நித்தி தன் கையால் போட்டுப் போட்டு மற்றவர்களைச் சமாளித்தான். கடைசி மாதம் சேர்ந்த காசு புதிதாய் எடுத்த இந்தக் கடையின் வாடகைக்குப் போய்விட்டது. லூர்தம்மாவிடம் வெறுங்கையோடு போய் நின்றான். "பரவாயில்லைத் தம்பி, இருக்கேக்கை தாரும்" என்றாராம் அவர். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

நித்தி ஒரு காரியம் செய்தான். லூர்தம்மாவின் மகளின் கலியாணத்துக்குப் போய், அன்பளிப்பு என்வலப்பில் ஆயிரம் பவுண் வைத்துக் கொடுத்தான். கடனில் ஆயிரம் குறைந்தது என்று அவன் கணக்கு. வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. பிறகு தாரகா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு லூர்தம்மா வந்தார். அவர் தந்த என்வலப்பைக் கலாவதி திறந்தால், உள்ளே ஆயிரமும் மேலே ஒரு பவுண் குத்திக் காசும். என்வலப்பில் வந்தது என்வலப்பிலேயே திரும்பிப் போகவேண்டும், அதுதானே எங்கள் முறை. கலாவதிக்குச் சந்தோசம், அவளுக்குச் சீட்டு விசயம் ஒன்றும் தெரியாது. நித்தி மட்டும் அந்த ஆயிரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். அவர் விளங்காமல் செய்தாரா, விளங்கித்தான் செய்தாரா? அதை அவரிடம் போய்க் கேட்க ஏலுமா? கையில் காசு புரண்ட மாதங்களிலும் அந்தப் பயத்திலேயே அவர் வீட்டுப் பக்கம் போகாமல் விட்டான்.

போன வருசம் லூர்தம்மா மகளோடு மிச்சம் ஊருக்கே குடிவந்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நித்தியின் கடைக்குத்தான் வருவார். பாணை வாங்குவார், காசைக் கொடுப்பார், வாசலில் நின்று மணியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், போய்விடுவார்.

ஒரு காலை நானும் அங்கே நின்றேன். பக்கத்துச் சலூன் பீற்றரும் தேத்தண்ணியோடு வந்திருந்தான். ஆண்டு விழா கிட்டியதால் பேச்சு யாருக்கு எந்த ராசாவைப் பிடிக்கும் என்பதில் வந்து நின்றது. பீற்றர் நெப்போலியன் என்றான். கட்டை ஆள், ஆனால் ஐரோப்பாவே நடுங்கியது என்றான். பீற்றரும் கட்டைதான். நான் யாழ்ப்பாணத்துக் கடைசி ராசா சங்கிலியனைச் சொன்னேன். தலை போனாலும் பணியாதவன், என்னைப் போல என்றேன். பாணோடு நின்ற லூர்தம்மா திரும்பி, "எங்கடை மன்னார் வேதக்காரச் சனத்தை வெட்டினவரோ அண்ணை?" என்று கேட்டார். மன்னாரில் கிறிஸ்தவர்களை வெட்டியது முந்தி ஆண்ட வேறு சங்கிலியன் என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.  

நித்தி சமாளிக்க நினைத்து, அவருக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டான்.

"எனக்கு உம்மடை ராசாவை விட அந்தப் பசுவைத்தான் பிடிக்கும், தம்பி. ஒருத்தரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. தானாய்ப் போய் இழுத்தது."

நாங்கள் சிரித்தோம். நித்தியின் கையில் இருந்த மிச்சக் காசு மேசையில் கொட்டுண்டு ஓடியது. வருகிற சனிக்கிழமை அவன் பேச்சைக் கேட்கத் தானும் ஹரோவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, வழமைபோல மணியைப் பார்த்துவிட்டு லூர்தம்மா போனார்.

அந்த வாரம் கலாவதி எனக்கு ஃபோன் எடுத்தாள். இவர் சாப்பிடுகிறார் இல்லை, கதவு திறந்தால் திடுக்கிடுகிறார், தாரகாவின் பஸ் கொஞ்சம் பிந்தினாலும் மழைக்குள் போய் நிற்கிறார் என்று அழுதாள். பிரசராக இருக்கும் என்று அவள் நினைத்தாள். லொறி ஓட்ட ஆள் வைத்திருக்கிறேன், ஆனாலும் வியாழக்கிழமை லொறியில் நானே ஏறிப் போனேன்.

கடைக்குள் ஆளைக் காணவில்லை. பகிடிக்கு மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சத்தம் இல்லை. இன்னும் பலமாய் இழுத்தேன். மேலே கட்டை மட்டும் முனகியது. ஏறிப் பார்த்தேன். மணியின் நாக்கில் பழைய சாரத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. 

பின்னால் அரிசி மூட்டையில் நித்தி இருந்தான். கயிறு அசைந்ததை அவன் கேட்டிருக்கிறான். முகத்தில் ரத்தம் இல்லை.

"அவ எண்டு நினைச்சன், அண்ணை."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு, என்வலப், பசு. பயம் என்றால் மணியைக் கழற்றி உள்ளே வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"கழட்டினால் ஏன் அப்பா எண்டு தாரகா கேப்பாள். சனிக்கிழமை மேடையிலை என்னை அறிமுகப்படுத்திறது அவள்தான். எங்கடை அப்பா எல்லாளன் மாதிரி எண்டு எழுதிப் பாடமாக்கி வைச்சிருக்கிறாள். அந்த நேரம் லூர்தக்கா சபையிலை எழும்பினால்? ராசா பிள்ளையைத்தானே தேர்ச்சில்லிலை குடுத்தவர். எனக்கும் ஒண்டுதான் இருக்கு."

நான் நிறையப் பேரை அளந்தவன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புதிதாக விளங்கியது. எனக்குச் சங்கிலியனைப் பிடித்தது நான் பணியத் தெரியாதவன் என்பதால். பீற்றருக்கு நெப்போலியனைப் பிடித்தது அவன் கட்டை என்பதால். ஆளுக்கு ஆள் தன் முகம் தெரிகிற ராசாவைத்தான் எடுக்கிறோம். நித்தி மட்டும், தன்னைப் பிடித்துத் தண்டிக்கக்கூடிய ராசாவைத் தேடிப்போய்க் கடைப் பலகையில் எழுதி, வாசலில் மணியும் கட்டி, அதற்குக் கீழே குடியிருந்திருக்கிறான்.

ஐயாயிரம் எனக்கு ஒரு காசா? நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். மணியை இழுக்கிற ஆள் மாறுமே தவிர மணி மாறாது என்றான். தன் கடை வான் வண்டியை வாங்கச் சொன்னான். நான் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே வாகனம் அது. மற்ற நாள் வெள்ளி காலை காசோடு போனேன். நித்தி அதை ஒரு வெள்ளை என்வலப்பில் போட்டு மேசைக்குக் கீழே வைத்தான். ஏணியில் ஏறித் துணியை அவிழ்த்தான். முடிச்சு லேசில் கழலவில்லை.

லூர்தம்மா வந்தார். பாணை எடுத்தார். நித்தி பாணுக்குக் காசு வாங்காமல் வாசலுக்குப் போனான். கயிற்றை அவர் பக்கம் நீட்டினான்.

"இழுங்கோ அக்கா."

"எனக்கு ஏன் தம்பி மணி? நான் உம்மட்டை ஏதும் கேட்டனானே?"

"நீங்கள் கேக்காததுதான் எனக்குப் பயம்."

அவர் கயிற்றைத் தொடவில்லை. நித்தி கண்ணை மூடிக்கொண்டு தானே இழுத்தான். அந்தச் சின்னக் கடைக்குள் அது ஒரு கோயில் மணி மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து கலாவதி வந்தாள், பின்னால் கொலிஜ் பையோடு தாரகா. முற்றல் வெண்டிக்காய் எதுவோ என்று தாரகா சிரித்துக்கொண்டுதான் வந்தாள். தகப்பனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.  இந்த இடத்தில் அவன் பின்வாங்கினால் இனி ஒருநாளும் சொல்லமாட்டான் என்று தெரிந்தது.

"அக்கா, நான் உங்களுக்குச் சீட்டுக் காசு ஐயாயிரம் தரவேணும். இவ்வளவு காலம் தராமல் ஒளிச்சனான்." மகளைப் பார்த்துத்தான் சொன்னான்.

 தாரகா பைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். நித்தி என்வலப்பை எடுத்து நீட்டினான். லூர்தம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்வலப்பிலை வேண்டாம். என்வலப்பிலை வந்தால் நான் திருப்பித் தரவேணும். ஒருக்காத் திருப்பித் தந்தனான், உமக்கு விளங்கும் எண்டு பாத்தன்."

நித்தியின் கண் கலங்கியது. இத்தனை வருசமும் அவன் பயந்தது சரிதான், அவர் எல்லாம் விளங்கித்தான் செய்திருக்கிறார்.

லூர்தம்மா பாணை மேசையில் வைத்தார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்து, உள்ளங்கையை விரித்தார்.

"எண்ணித் தாரும்."

அவன் என்வலப்பைக் கிழித்தான். முதல் தாளை எடுத்தவன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். லாபம் என்று வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். வரவில்லை. தாளை அந்தக் கையில் வைத்து, "ஒண்டு" என்றான். மணி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவதை வைக்கும்போது தாரகா பையைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கப் பயந்து, கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, கடைசித் தாள்வரை அந்த விரித்த கைக்குள் எண்ணி வைத்தான்.