வியாழக்கிழமைத் தண்ணீர்

விவேக் நகர் லாட்ஜ் அறைக்குள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலின் மெழுகுவத்தி வாசனை வந்தது. லாட்ஜ் நிற்கும் இதே இடத்தில்தான் தொண்ணூறுகளில் எங்கள் வீடு இருந்தது.

வியாழக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறவர்களுக்காக அப்பா வாசலில் தண்ணீர்க் குடம் வைப்பார். டம்ளரில் மெழுகுப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வரவர டூரிஸ்ட் பஸ்கள் தெருவை அடைத்தன. நாலு குடம் வைத்தும் போதவில்லை. அப்பா குடத்தை உள்ளே எடுத்துவிட்டார்.

அடுத்த வியாழன், வழக்கமாக வரும் வேலூர்க்கார அக்கா கைக்குழந்தையோடு வந்து, "தண்ணி குடு பாப்பா" என்றாள்.

"தண்ணி வரலன்னு சொல்லும்மா" என்று அப்பா உள்ளிருந்து கிசுகிசுத்தார். சொன்னேன். கதவுக்குப் பின்னால் குடம் நிறைந்திருந்தது.

"பரவால்ல பாப்பா" என்று போனாள்.

இன்று குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ரிசப்ஷனில் கேட்டேன்.

"தண்ணி வரல மேடம். இத்தன லாட்ஜுக்கு எங்கருந்து வரும்?"

அவர் பொய் சொல்லவில்லை.