பெயரின் பின்பக்கம்

நல்லகாமன் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதை மனசுக்குள் பிரித்துத் தரையில் பரப்பிவிடுவார். சோப்புக் கூடு, ஊதுபத்திப் பெட்டி, மாத்திரைப் பெட்டி எதுவானாலும் சரி, எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, ஒட்டுவதற்கான நாக்கு எந்த விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் கண் தேடும். பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் வைத்திருக்கும் பலகாரப் பெட்டியைக்கூட விடமாட்டார். "என்னைக்காவது ஒருநா என்னையும் பிரிச்சு அட்டையில வரைஞ்சிருவாரு" என்று அவர் மனைவி மாயக்காள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனையூரிலிருந்து சைக்கிளில் மதுரைக்குள் வந்து, வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்த அச்சகத்தில் அவர் வேலை பார்த்தார். அட்டைப் பெட்டிகளுக்கு வரைபடம் போடுவதுதான் வேலை. எழுபத்தாறிலோ ஏழிலோ, ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மேடையில் புடைத்து நிற்கிற மாதிரி எழுத்து வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மரத்தில் செய்ய அவகாசம் இல்லை. தாளிலேயே செய்யலாமே என்று நல்லகாமன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ட, ப மாதிரியான எழுத்துகள் பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். சொன்ன பேச்சு கேட்டு மடங்கும். சுழி போட்ட எழுத்துகள் அப்படியில்லை. எழுத்தின் முகத்தைத் தனியாக வெட்டி, அதைச் சுற்றிச் சுவர் மாதிரி ஒரு பட்டையை ஒட்ட வேண்டும். பட்டை வளைய வேண்டுமானால் அதன் விளிம்பை ரம்பப் பல் போல நறுக்க வேண்டும். ஒவ்வொரு பல்லும் ஓர் ஒட்டு நாக்கு. ண என்ற ஒற்றை எழுத்தோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றார். கடைசியில் அந்த எழுத்துக்குப் பசை தடவி ஒட்டி நிறுத்தியது அவரல்ல, அவருடைய தங்கை அன்னக்கொடியின் புருஷன் வீரணன். அன்றைக்குத் தற்செயலாக அச்சகத்துக்கு வந்திருந்தார்.

"வாத்தியாரு எழுத்தப் படிக்கத்தான மாப்ள சொன்னாரு? நீ என்னடான்னா பொட்டி செஞ்சு வச்சிருக்க. இதுக்குள்ள என்னத்தப் போட்டு வைக்கிறது, மொச்சைப் பயறா?" என்று வீரணன் கேட்டதில் மிஷின் ஓட்டுகிறவர்கூட மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பிறகு அதுவே விற்பனைக்கு வந்தது. எழுத்துக்கு ஒரு தாள். வேண்டிய பெயருக்கான தாள்களை வாங்கிக்கொண்டு போய், கோட்டை வெட்டி, புள்ளிக் கோட்டை மடித்து, மைதாப் பசை போட்டு ஒட்டி, திரைத்துணியிலோ பலகையிலோ பதித்துக்கொள்ள வேண்டியதுதான். பின்பக்கம் திறந்தே கிடக்கும்; பலகை மறைத்துவிடும். 'ஒட்டெழுத்து' என்று கேட்டு வாங்கினார்கள். பொங்கல் விழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் நல்லகாமனின் எழுத்து நின்றது. யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை; அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

எண்பதாம் வருஷக் கோடையில், கொட்டாம்பட்டிப் பக்கம் கிணறு தோண்டப் போன வீரணன், வெடி முன்னதாக வெடித்து இறந்துபோனார். அன்னக்கொடிக்கு இருபத்தேழு வயது. மகள் அழகம்மாளுக்கு இரண்டு.

இரண்டு வருஷம் கழித்து, திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே அன்னக்கொடி வாழ்க்கைப்பட்ட ஊரில், பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். என்ன சீர் செய்வது என்ற கவலையோடு போன நல்லகாமனை, அன்னக்கொடி மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டுப் பேசினாள்.

"அண்ணே, சங்கிலி வளையல்னு நீ எதுவும் செய்ய வேணாம். உன் நெலம எனக்குத் தெரியாதா? பந்தல்ல அவுக பேரு இருக்கணும். அம்புட்டுத்தான். நீ செய்வியே, அந்த எழுத்துல. நான் கேட்டேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத."

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லி அவர் கேட்டதே இல்லை. உயிரோடு இருந்தபோதும் சொன்னதில்லை, போன பிறகும் சொல்லவில்லை. செய்கிறேன் என்று தலையை ஆட்டினார்.

வீட்டில் பெரியவர் வீரணனின் அண்ணன் மொக்கைச்சாமி. நல்லகாமன் விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன மாப்ள, வெளையாடுறியா? நல்ல காரியத்துல செத்தவன் பேரையா கட்டித் தொங்க விடுவாக?"

"பிள்ளைக்கு அப்பன் பேரு மச்சான்."

"எனக்குத் தம்பி. அவன் பேரு எனக்குத் தெரியாதாக்கும்! வாசல்ல வேற அத எழுதிப் பாக்கணுமா?"

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "காதுகுத்துல தாய்மாமன் கொண்டுவாரத வேணாம்னு சொல்ற பழக்கம் உங்க ஊர்ல இருக்கா மச்சான்? எங்க ஊர்ல இல்ல" என்றார். கூட இருந்த பங்காளிகள் சிரித்துவிட்டார்கள். மொக்கைச்சாமி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சரி, கொண்டா. ஆனா ஒண்ணு. காத்துல கோணிக்கிட்டு ஆடுச்சு, நாலு பேரு பாத்துச் சிரிச்சாகன்னா, சபைன்னு பாக்க மாட்டேன். அருவாள வச்சு அறுத்து வீசிருவேன்."

நல்லகாமனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. பந்தல் போடப் போகிற இடம் வெட்டவெளி. கண்மாய்க் காற்று நேராக வரும். பதிப்பதற்குப் பலகையும் கிடையாது, சுவரும் கிடையாது. கயிற்றில்தான் தொங்கவிட வேண்டும். பின்பக்கம் திறந்த எழுத்து அந்தக் காற்றில் முறம் மாதிரிப் புடைத்துப் பிய்ந்துபோகும். ஆகவே முதல்முறையாகப் பின்பக்கத்தையும் மூடிய எழுத்து வரைந்தார். நான்கே எழுத்து: வீ, ர, ண, ன். ஒவ்வொரு தாளிலும் முன்முகம், பின்முகம், சுற்றுச்சுவருக்கான பட்டை. பட்டையின் மேல்விளிம்பிலும் பல், கீழ்விளிம்பிலும் பல். மேலே உள்ளவை முன்முகத்தைப் பிடித்துக்கொள்ளும், கீழே உள்ளவை பின்முகத்தை.

பின்முகத்தை வலது இடமாகத் திருப்பித்தான் வரைய வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தால்தான் முன்முகத்தின் முதுகில் அச்சாகப் பொருந்தும். அப்படியே வரைந்து, படத்தை நெகடிவ் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் அச்சு பிளாக் போடுகிற தவசியிடம் அனுப்பினார்.

பிளாக் வந்து, தாளும் அடித்தாகிவிட்டது. காதுகுத்துக்கு நான்கைந்து நாள்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நல்லகாமன் ண-வின் இரண்டு முகங்களையும் வெட்டி முதுகோடு முதுகாக வைத்தார். பொருந்தவில்லை. ஒன்றின் சுழி இடது பக்கம், மற்றதன் சுழி வலது பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற தாள்களைப் புரட்டினார். எல்லாப் பின்முகமும் நேராக, அழகாக, படிக்கிற மாதிரி அச்சாகியிருந்தது. தாளைப் புரட்டி ஒட்டினால் பொருந்தும், ஆனால் அச்சில்லாத வெற்று முதுகுதான் வெளியே தெரியும்.

தவசி வெற்றிலைச் சிரிப்போடு எதிரே வந்து நின்றான்.

"பாத்தீகளாண்ணே? நீங்க அசந்துபோய்ப் பாதி எழுத்தத் திருப்பிப் போட்டு வரைஞ்சுட்டீக. நான்தான் நெகடிவ அறுத்து, ஒவ்வொண்ணாப் புரட்டி ஒட்டுனேன். கண்ணே அவிஞ்சு போச்சு. மொதலாளிகிட்ட மூச்சு விடல. அண்ணன் பேரு கெட்றக் கூடாதுல்ல?"

தலைகீழாகவும் திருப்பியும் எழுத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் தவசி. தவறிப்போய்த் திரும்பிக் கிடக்கிற எழுத்தை நேராக்குவது அவனுக்கு அனிச்சைச் செயல். மனசார உதவி செய்திருக்கிறான். அவனை என்ன சொல்லித் திட்டுவது? நல்லகாமன், "நல்லா இருப்பா" என்று மட்டும் சொன்னார். மறுபடி பிளாக் போடலாமா என்று கேட்டதற்கு, துத்தநாகத் தகடு மெட்ராசிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும் என்று பதில் வந்தது.

தாள்களைச் சுருட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது மாயக்காள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து வெட்டிய முகங்களைப் பார்த்தாள்.

"ரெண்டும் நல்லாத்தான இருக்கு? இதுக்கு ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீக?"

"பின்னாடி உள்ளது நேரா இருக்கக் கூடாது புள்ள. திரும்பி இருக்கணும்."

"பின்னாடின்னா எந்தப் பக்கம்?"

"வீட்டுப் பக்கம். முன்னாடி தெரு."

மாயக்காள் அந்த ண-வைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். "அன்னக்கொடி எங்க நிப்பா? அவளத்தான் சபைக்கு விடமாட்டாகளே. உள்வாசல்லதான் நிப்பா. தெருவுல போறவனெல்லாம் நேரா படிப்பான். அவ மட்டும் திருப்பிப் போட்ட எழுத்தையா படிக்கணும்?"

நல்லகாமன் அவள் கையிலிருந்து அந்த ண-வை வாங்கினார். அந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. தாலி அறுத்தவள், பெற்ற மகளின் காதுகுத்தானாலும், கதவுக்கு உள்ளேதான் நிற்க வேண்டும். தெரிந்தும், வரைந்த நாள் முழுக்க அவர் தெருவில் நின்றுதான் வரைந்திருந்தார். கேட்டது அவள். இவர் காட்டப் பார்த்தது ஊருக்கு. தவசி மட்டும் கைவைக்காமல் இருந்திருந்தால், காற்றுக்கு அசையாத, பழுது சொல்ல முடியாத எழுத்துகளைத் தொங்கவிட்டு, தங்கைக்கு அதன் முதுகைக் காட்டியிருப்பார்.

கத்தியை எடுத்துப் பட்டையை நீளவாக்கில் நடுவே கீறினார். ஒரு பட்டை இரண்டானது. ஒன்றுக்கு மேல்பல், இன்னொன்றுக்குக் கீழ்ப்பல். முன்முகத்துக்கு ஒரு சுவர், பின்முகம் என்று வரைந்ததற்கு ஒரு சுவர். தடிமன் பாதியாகிவிட்டது; ஆனால் இப்போது ஒரு வீரணனுக்கு இரண்டு வீரணன். இரண்டு கயிறு கட்டி, முதுகோடு முதுகாகத் தொங்கவிடலாம். காற்றுக்காக ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூங்கில் சிம்பு வைத்தார். மாயக்காள் மைதாவில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து பசை காய்ச்சிக் கொடுத்தாள். தெருப்பக்கத்து வீ-க்குப் பின்னால் வீட்டுப்பக்கத்து ன், ர-வுக்குப் பின்னால் ண என்று வரிசை மாறி வருவதை இரண்டு தடவை சரிபார்த்தார். ன் மேலுள்ள புள்ளிதான் தொந்தரவு. எழுத்தோடு ஒட்டாத பொட்டு. அதற்குத் தனி நூல்.

காதுகுத்து அன்று விடிந்ததுமே போய்க் கட்டினார். வெயில் ஏறியது. மேளம், ஆட்டுக்கிடாய், பழத்தட்டு என்று மாமன் சீர் வந்து சேர்ந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய அழகம்மாளை மடியில் வைத்துக்கொண்டு நல்லகாமன் மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுக்கும்போது கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. எழுத்துகள் அசைந்து நின்றுவிட்டன. வீட்டுப்பக்கத்துப் புள்ளி மட்டும் நூலில் முறுக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றியது.

யாரோ ஒரு விடலை சிரித்தான்.

வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்த மொக்கைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். அரிவாளோடு எழுந்து வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். மடியில் பிள்ளை இருந்ததால் நல்லகாமனால் எழுந்திருக்க முடியவில்லை.

மேலே போன பிறகுதான் மொக்கைச்சாமி உள்வரிசையைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இந்தப் பக்கமும் எழுதியிருக்கு? எதுக்கு ரெண்டு?"

"உள்ள நிக்கிறவுகளும் படிக்கணும்ல மச்சான்."

மொக்கைச்சாமி முக்காலியில் நின்றபடியே வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கதவோரம் அன்னக்கொடி நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்திருந்தாள். கண் மட்டும் எழுத்தின் மேல் இருந்தது. இரண்டு வருஷமாக அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசாத மனிதர், இப்போதும் பேசவில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். சுற்றுகிற புள்ளியை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, முறுக்கைப் பிரித்து, அதன் முகம் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். உடனே விடவில்லை. காற்று அடங்குகிற மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ம்... குத்துங்க ஆசாரி" என்றார் மேலே இருந்தபடி.

ஊசி இறங்கியது. அழகம்மாள் வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தத்துக்குள் வேறொரு குரலை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் நல்லகாமன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை வாயைவிட்டு இறங்கியிருந்தது. உதடு நான்கு முறை அசைந்தது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவையாக.