வசந்தா அக்கா வீட்டில் சோதனை

வக்கீல் தொழிலில் பாதி நேரம் சட்டம் பேசுவதில் போவதில்லை, "ஏங்க சரின்னு சொன்னீங்க?" என்று கேட்பதில்தான் போகிறது. "சும்மா பாத்துட்டுப் போயிடறோம்" என்று போலீஸ் சொன்னதும் கதவை அகலத் திறந்துவிட்டவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி.

உபசாரம்

திருத்துறைப்பூண்டியில் என் ஆபீசுக்கு வசந்தா அக்கா கலங்கிப்போய் வந்தார். கடற்கரை ஊரில் கருவாடு விற்பவர். அவர் கொழுந்தன் ஒருமுறை காரைக்காலிலிருந்து கடத்தி வந்த மதுபாட்டிலோடு பிடிபட்டதிலிருந்து, ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் இவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். மகனுக்கு அரசு வேலை கிடைத்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. இந்த நேரத்தில் வீட்டில் ஒரு பாட்டில் 'கிடைத்தால்' வேலை போய்விடும்.

கடைசியாகச் சோதனைக்கு வந்த போலீசாருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, 'மனமுவந்து சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"வாசலுக்கு வந்தவங்கள உள்ள வராதீங்கன்னு எப்படி வக்கீலம்மா சொல்றது?"

ஒத்திகை

எதற்குச் சோதனை என்று கேளுங்கள், அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள், உள்ளே வருமுன் அவர்கள் பையைக் காட்டச் சொல்லுங்கள், சம்மதக் கையெழுத்து மட்டும் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். என் குமாஸ்தா மணியை எஸ்.ஐ.யாக நடிக்க வைத்தேன். அவர் கதவைத் தட்டியதும் அக்கா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டார். மணி சொன்னார்:

"மேடம், நான் போலீசா இருந்தா தினமும் இவங்க வீட்டுக்குத்தான் போவேன்."

வாசலில்

அடுத்த வாரமே ஒரு மத்தியானம் எஸ்.ஐ. இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். நாற்காலி, டீ எல்லாம் இந்த முறையும் உண்டு, ஆனால் வாசலிலேயே. அவர்கள் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். சட்டைப்பையைக் காட்டச் சொன்னார் அக்கா. சிரித்துக்கொண்டே காட்டினார்கள். போலீஸ்காரர் தோளில் தொங்கிய பையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அது ஆபீஸ் பை, திறக்க முடியாது என்றார் எஸ்.ஐ.

"அப்போ அது ஜீப்புலயே இருக்கட்டும் சார். நீங்க வந்து வீடு முழுக்கப் பாருங்க."

பார்த்தார்கள். கருவாட்டு வாடையோடு திரும்பிப் போனார்கள். மகன் வேலையில் சேர்ந்துவிட்டான். சேதி கேட்டு நானும் மணியும் ஆபீசிலேயே கைதட்டினோம். பிறகு கோர்ட் வாசலில் அந்த எஸ்.ஐ. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே அந்த வீட்டுக்கு வெறுங்கையோடதான் போகணும் போல மேடம்."

நான் ஜெயித்த வழக்குகளிலேயே பெரியது இதுதான், வழக்கே பதிவாகாததால் யாரிடமும் நிரூபிக்கத்தான் முடியவில்லை.